ஐசியூ நோயாளியின் ரத்தத்தில் பூஞ்சை: எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது

“அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பத்து நாளாக ஐசியூவில் இருக்கிறார். இப்போது பிளட் கல்ச்சரில் ‘கேண்டிடா டிராபிகாலிஸ்’ வந்திருக்கிறது, ரத்தத்தில் பூஞ்சை என்கிறார்கள். ஆஸ்பத்திரி சுத்தமில்லாததால் வந்ததா? இது எத்தனை பேருக்கு வருகிறது? பிழைக்க வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். அப்பாவைப் பார்க்கும் டாக்டர் நான் இல்லை என்பதால் அவருக்கு என்ன மருந்து தர வேண்டும் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த நோய் யாருக்கு, எப்போது, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டால், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேண்டிடா என்பது ஈஸ்ட் வகைப் பூஞ்சை, நமக்கு அந்நியமான கிருமி இல்லை. வாய், குடல், தோல் என்று நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர் உடம்பிலும் கொஞ்சம் இருக்கும். குடலில் வாழும் பாக்டீரியா அதைப் பெருக விடாது. அது ரத்தத்துக்குள் போக வேண்டுமானால் இரண்டு காரியம் சேர்ந்து நடக்க வேண்டும். முதலாவது, அது பெருக வேண்டும். மெரோபெனம் மாதிரி பலமான ஆன்டிபயாட்டிக் பல நாள் ஏறும்போது குடல் பாக்டீரியா பெருமளவு அழிந்துபோகிறது. பயிர் அழிந்த வயலில் களை மண்டுவது போலக் கேண்டிடா மண்டிவிடும். இரண்டாவது, உள்ளே நுழைய வழி வேண்டும். குடலில் ஓட்டையோ, தையல் போட்ட இடத்தில் கசிவோ இருந்தால் அது ஒரு வழி. கழுத்திலோ தொடையிலோ பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் இன்னொரு வழி. இவை போதாதென்று ரத்தக்குழாய் வழியாகவே முழுச் சாப்பாடும் கொடுப்பது, டயாலிசிஸ், ஸ்டீராய்டு, கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளணுக்கள் இறங்கிப்போவது எல்லாம் ஆபத்தை ஏற்றும். உங்கள் அப்பாவுக்குக் குடல் ஓட்டை, ஆன்டிபயாட்டிக், சென்ட்ரல் லைன் மூன்றும் இருந்திருக்கும். அவருக்கு இது வந்ததில் மர்மம் ஏதும் இல்லை. நீங்கள் வெளியிலிருந்து எடுத்துப்போன பழமோ தண்ணீரோ காரணமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எத்தனை பேருக்கு வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 15.65 லட்சம் பேருக்கு ரத்தத்திலோ உடம்பின் உள்ளுறுப்புகளிலோ கேண்டிடா தொற்று வருகிறது, அவர்களில் சுமார் 9.95 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று 2024-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. கண்டுபிடிக்கப்படாமலும் சிகிச்சை கிடைக்காமலும் போனவர்களையும் உத்தேசமாகச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அமெரிக்காவில் 1995 முதல் 2002 வரை 49 ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கில், ஆஸ்பத்திரியில் வரும் ரத்தத் தொற்றுகளில் கேண்டிடா நான்காவது இடத்தில் இருந்தது.

நமக்கு முக்கியமானது இந்தியக் கணக்கு. சண்டிகரில் உள்ள பிஜிஐ என்ற மருத்துவ நிறுவனத்தின் பூஞ்சை நிபுணர் அருணாலோக் சக்ரவர்த்தி தலைமையில் 2011 ஏப்ரல் முதல் 2012 செப்டம்பர் வரை நாட்டின் 27 ஐசியூக்களில் ஓர் ஆய்வு நடந்தது. ஐசியூவுக்கு வந்த பிறகு ரத்தத்தில் கேண்டிடா வந்த 1,400 பேர் அதில் பதிவானார்கள். ஐசியூவில் சேர்ந்த ஆயிரம் பேருக்கு 6.51 பேர். 2015-ல் வெளிவந்த அந்த ஆய்வில் எண்ணிக்கையைவிட என்னை யோசிக்க வைப்பவை வேறு சில தகவல்கள்.

பூஞ்சை வந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் ஐசியூவில் கிடந்து உடல் நொடிந்தவருக்குத்தான் இது வரும் என்பது மருத்துவத்தில் பொதுவான நினைப்பு. அந்த ஆய்விலோ நடு மதிப்பு 8 நாள். அதாவது பாதிப் பேருக்கு 8 நாளுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுத்தது நோயின் கடுமை. ஐசியூவில் சேரும்போது நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை அப்பாச்சி 2 என்ற ஸ்கோரால் அளப்பார்கள். கேண்டிடா வந்தவர்களின் நடு மதிப்பு 17. ஐசியூவுக்கு அது பெரிய எண் இல்லை. அப்படியானால் நம் நாட்டில் இது மிக மோசமான நிலையில் இருப்பவர்களை மட்டும் தேடி வரும் நோய் இல்லை. சீக்கிரமே வருகிறது, ஓரளவு தேறக்கூடியவர்களுக்கும் வருகிறது. என் பார்வையில் இதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்: நோயாளியின் உடல்நிலையைப் போலவே நாம் அவரைக் கவனிக்கும் முறையும் இதற்குக் காரணம். தேவைக்கு மேல் ஓடும் ஆன்டிபயாட்டிக், எடுக்க மறந்த லைன், கழுவாத கை. இந்த மூன்றையும் நம்மால் மாற்ற முடியும் என்பதால்தான் இதை இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

மாற்ற முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவில் அட்லாண்டா, பால்டிமோர் நகரப் பகுதிகளில் 2008 முதல் 2013 வரை ஊர் முழுக்கக் கணக்கெடுத்தார்கள். ரத்தத்தில் கேண்டிடா வருவது லட்சம் பேருக்கு ஆண்டுக்கு அட்லாண்டாவில் 14.1 ஆக இருந்தது 9.5 ஆக இறங்கியது. பால்டிமோரில் 30.9-லிருந்து 14.4. புது மருந்து எதுவும் வந்து இது குறையவில்லை. சென்ட்ரல் லைன் பராமரிப்பில் நாடு முழுவதும் கண்டிப்பு வந்த ஆண்டுகள் அவை. லைனோடு சேர்ந்து வரும் கேண்டிடாவும் அந்த ஆண்டுகளில்தான் குறைந்தது.

இனி இறப்பு விகிதம். கூகுளில் தேடி இதை ஏற்கெனவே பார்த்துப் பயந்திருப்பீர்கள். இந்திய ஆய்வில் 30 நாளுக்குள் 44.7 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாருமே ஐசியூ நோயாளிகள். பூஞ்சை வராமல் இருந்தாலும் அவர்களில் ஒரு பகுதியினர் இறந்திருப்பார்கள். பூஞ்சையின் கணக்கில் மட்டும் சேரும் கூடுதல் இறப்பைப் பிரித்துப் பார்த்தபோது 19.6 சதவீதம் வந்தது. அதுவும் சிறிய எண் இல்லை. ஆனால் அப்பாவின் நிலைமையைப் புரிந்துகொள்ள இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் இறப்போடு தனித்துத் தொடர்பு காட்டியவை ஐசியூவில் சேர்ந்தபோதைய அப்பாச்சி ஸ்கோர், சிறுநீரகச் செயலிழப்பு, சென்ட்ரல் லைன், ஸ்டீராய்டு ஆகியவை.

‘டிராபிகாலிஸ்’ என்ற பெயருக்கு இப்போது வருகிறேன், அந்தப் பெயருக்குள் நிறையத் தகவல் இருக்கிறது. பிளட் கல்ச்சர் பாட்டிலில் ஏதோ வளர்கிறது என்று மெஷின் காட்டியதும் லேபில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயம் போடுவோம். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிதாக, ஊதா நிறத்தில் முட்டை வடிவ உருண்டைகள் தெரியும். சிலவற்றின் ஓரத்தில் சின்னதாக மொட்டு விட்டிருக்கும். அதைப் பார்த்த கையோடு ஐசியூவுக்குப் போன் செய்ய வேண்டும். ரிப்போர்ட் டைப் ஆகும் வரை காத்திருக்கக் கூடாது. தோலிலிருந்து தற்செயலாகப் பாட்டிலுக்குள் போனதாக இருக்கும் என்று சில பாக்டீரியாக்களை ஒதுக்கிவிடலாம். ரத்தத்தில் வந்த கேண்டிடாவை ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தாலும் அப்படி ஒதுக்கவே கூடாது. பிறகு அதை நிறம் காட்டும் தட்டில் தேய்த்து வளர்ப்போம். கேண்டிடாவின் வகைகளில் அல்பிகன்ஸ் இளம்பச்சையாக வரும், டிராபிகாலிஸ் உலோக நீலமாக வரும், குரூசை சொரசொரப்பான ரோஸ் நிறத்தில் படரும்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் முதலிடம் அல்பிகன்ஸுக்கு. அமெரிக்காவின் அந்த 49 ஆஸ்பத்திரிக் கணக்கில் பாதிக்கு மேல் அதுதான். இந்திய ஐசியூக்களில் டிராபிகாலிஸ் 41.6 சதவீதம், அல்பிகன்ஸ் 20.9 சதவீதம்தான். மொத்தம் 31 வகைக் கேண்டிடா கிடைத்தது. ஆக, அப்பாவுக்கு வந்திருப்பது ஏதோ விசித்திரமான வகை இல்லை, இங்கே அதிகம் வருவதே அதுதான். டிராபிகாலிஸ் பெரும்பாலும் அவரவர் குடலிலிருந்தே வருகிறது. ஃப்ளூகோனசோல் மருந்துக்கு அது பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் ஆசியாவில் கட்டுப்படாத ரகங்கள் கூடிக்கொண்டு வருகின்றன. அதனால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் வராமல் எதையும் உறுதியாக நம்ப முடியாது.

“ஆஸ்பத்திரி சுத்தமில்லாததாலா?” என்ற உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் ஆம், இல்லை என்று பதில் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் இதுதான்: பதில் வகைக்கு வகை மாறும். அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ், கிளாப்ரேட்டா மூன்றும் பெரும்பாலும் உள்ளிருந்து வருபவை. பாராப்சிலோசிஸ் வந்தால் நான் முதலில் கையையும் லைனையும்தான் சந்தேகப்படுவேன்; அது தோலில் இருக்கும், பிளாஸ்டிக் குழாயில் பிசின் போல ஒட்டிப் படரும், குறைமாதக் குழந்தைகள் வார்டில் கை மாறிக் கை மாறிப் பரவும்.

குழந்தைகள் வார்டில் கை என்ன செய்யும் என்பதற்குச் சண்டிகர் பிஜிஐ-யிலேயே பதிவான ஒரு சம்பவம் இருக்கிறது. 1996 ஏப்ரலில் தொடங்கி 23 மாதங்களில் அங்கே 379 பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் பிக்கியா அனோமலா என்ற ஈஸ்ட் தொற்றியது. அதுவரை அபூர்வமாக மட்டுமே நோய் தரும் என்று நினைத்திருந்த ஈஸ்ட் அது. ஊழியர்களின் கைகளில் அது இருந்தது தெரியவந்தது. கை கழுவச் சொல்லித் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்து, குறைமாதக் குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கும் முன்கூட்டியே பூஞ்சை மருந்து கொடுத்த பிறகுதான் நின்றது. தங்கள் வார்டில் நடந்ததை மறைக்காமல் அவர்களே 2001-ல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் மற்ற ஆஸ்பத்திரிகள் கற்றுக்கொண்டன.

கேண்டிடா ஆரிஸ் முற்றிலும் வேறு கதை. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்ததைப் புது வகை என்று விவரித்தார்கள். 2011-ல் தென்கொரியாவிலிருந்து ரத்தத்தில் வந்ததாகத் தகவல் வந்தது. 2013-ல் அனுராதா சௌத்ரியின் குழு டெல்லி ஆஸ்பத்திரிகளில் 12 நோயாளிகளிடம் கண்டதை வெளியிட்டது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ஆரிஸின் மரபணுவை ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்டபோது தெற்காசியா, கிழக்காசியா, தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா என்று ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிய நான்கு குடும்பங்கள் இருந்தன. ஓரிடத்தில் தோன்றி விமானமேறிப் பரவியதாக இருந்தால் இப்படி இருக்காது. ஏறக்குறைய ஒரே காலத்தில் தனித்தனியே பல இடங்களில் தலைதூக்கியிருக்கிறது. ஏன் என்பதற்கு, பூமி சூடாவதால் மனித உடல் சூட்டைத் தாங்கப் பழகிவிட்டது என்பது ஒரு கருதுகோள். 2021-ல் அந்தமானின் உப்புச் சதுப்பிலும் மணற்கடற்கரையிலும் இது கிடைத்தது அந்தக் கருதுகோளுக்கு வலு சேர்த்தாலும் முடிவாகச் சொல்ல அது போதாது.

27 ஐசியூ ஆய்வில் ஆரிஸ் 5.3 சதவீதம். 27-ல் 19 ஐசியூக்களில் அது இருந்தது. கொரோனாவின் முதல் அலையில், 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை, டெல்லியில் 596 கொரோனா ஐசியூ நோயாளிகளைப் பார்த்ததில் 15 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா வந்தது; அதில் 10 பேருக்கு ஆரிஸ், அந்தப் பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். 2009 முதல் 2017 வரை இந்தியாவில் சேகரித்த 350 ஆரிஸ் மாதிரிகளில் 90 சதவீதம் ஃப்ளூகோனசோலுக்குக் கட்டுப்படவில்லை. 8 சதவீதம் ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்துக்கும், 2 சதவீதம் எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்துகளுக்கும் கட்டுப்படவில்லை.

ஆரிஸ் நோயாளியின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாதக்கணக்கில் தங்கும். கட்டில் கம்பி, பிபி கஃப் என்று அவரைத் தொட்ட பொருளிலெல்லாம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் சில கிருமிநாசினிகளுக்குச் சாகாது. குளோரின் கலந்தது வேண்டும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு நியூரோ ஐசியூவில் 2015 முதல் 2017 வரை 70 பேரிடம் ஆரிஸ் இருந்தது தெரிந்தது. பெரும்பாலோர் நோயில்லாமல் சுமந்தவர்கள். தேடித் தேடிப் பார்த்ததில், அக்குளில் வைத்து வெப்பநிலை பார்க்கும், ஒருவருக்கு வைத்ததையே துடைத்து அடுத்தவருக்கும் வைக்கும் ஒரு புரோபுதான் அதைச் சுமந்துகொண்டிருந்தது. அதை எடுத்ததும் புதிய தொற்று குறைந்தது. அங்கே இருந்தவர்கள் கை கழுவாதவர்கள் இல்லை. ஒரு சின்னக் கருவி போதுமானதாக இருந்தது. ஆகவே அப்பாவின் ரிப்போர்ட்டில் ஆரிஸ் என்று வந்திருந்தால் “உங்கள் ஐசியூவிலிருந்து வந்ததா” என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. டிராபிகாலிஸுக்கு அந்தக் கேள்வியைவிட லைனும் ஆன்டிபயாட்டிக்கும் பற்றிய கேள்வி பொருத்தமானது.

பழைய முறை மெஷின்கள் ஆரிஸை கேண்டிடா ஹீமுலோனி என்று தவறாகக் காட்டிக்கொண்டிருந்தன. நம் நாட்டில் பல வருடம் ஆரிஸ் இருந்தும் வேறு பெயரில் போயிருக்கும். கிருமியின் புரதங்களை வைத்து வகையைச் சொல்லும் மால்டி-டாஃப் என்ற கருவி வந்த பிறகுதான் பெயர் நேராயிற்று. இன்றும் எல்லா ஊரிலும் அந்தக் கருவி இல்லை. மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் பூஞ்சையின் வகை வரை சொல்லக்கூடிய லேபைத் தேடத்தான் வேண்டும்.

இதனால்தான் மேலே தந்தவற்றில் ஆஸ்பத்திரிக் கல்ச்சரை வைத்து எண்ணிய எண்ணிக்கைகளைக் குறைந்தபட்சக் கணக்கு என்கிறேன். உள்ளுறுப்புகளில் ஊன்றிய கேண்டிடாவையும் சேர்த்துப் பார்த்தால் பிளட் கல்ச்சர் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பாசிட்டிவ் ஆகும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம், குறைந்தது இரண்டு செட் எடுக்க வேண்டும். “ரத்தம் வரவில்லை சார்” என்று 3 மில்லியோடு ஒற்றைப் பாட்டில் லேபுக்கு வரும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்தப் பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை என்பதை வைத்து அவருக்குப் பூஞ்சை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஃபைலில் அப்படித்தான் ஏறும்.

ரத்தத்தில் வரும் பூஞ்சை எல்லாம் கேண்டிடா இல்லை. எச்ஐவி முற்றியவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் வரும், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஃபியூசேரியம், டிரைக்கோஸ்போரான் வரும். ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரலை அழித்தாலும் ரத்தக் கல்ச்சரில் அநேகமாக வளராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் குடும்பத்தாரே கவனிக்கலாம். வயிற்றுப்போக்குக்கு சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் தூளைச் சின்னப் பாக்கெட்டில் தருவார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது பொதுவாகப் பாதுகாப்பானது. ஐசியூவில் சென்ட்ரல் லைன் போட்டவருக்குத் தரக் கூடாது. கட்டிலருகே பாக்கெட்டைக் கிழிக்கும்போது தூள் பறந்து கையில் ஒட்டி, அந்தக் கையால் லைனைத் தொட்டால், அந்த ஈஸ்டே ரத்தத்துக்குள் போய்விடும். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்ததாகவும் பதிவுகள் உண்டு.

கடைசியாக, பிழைக்கும் வழி. இந்த நோயில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கல்ச்சர் எடுத்த நாளே பூஞ்சை மருந்து ஆரம்பித்தவர்களில் 15 சதவீதம் இறந்தார்கள். மறுநாள் ஆரம்பித்தவர்களில் 24, அதற்கடுத்த நாள் 37, மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ ஆரம்பித்தவர்களில் 41 சதவீதம். அப்பாவுக்கு மருந்து தொடங்கிவிட்டதா என்பதைத்தான் இன்றைக்கு முதலில் கேளுங்கள். ஐசியூவில் பொதுவாக முதல் தேர்வு கேஸ்போஃபங்கின், மைக்காஃபங்கின், அனிடுலாஃபங்கின் என்ற எக்கினோகேண்டின் வகை. விலை அதிகம். அது முடியாத இடங்களில் ஆம்ஃபோடெரிசின் கொடுப்பார்கள், அதற்குச் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும். சென்சிடிவிட்டி பார்த்து, நிலைமை தேறிய பிறகு ஃப்ளூகோனசோலுக்கு மாற்றுவது வழக்கம். செலவைப் பற்றிய பேச்சை அப்போது டாக்டரிடம் தயங்காமல் பேசலாம்.

அடுத்தது லைன். கழுத்தில் உள்ள சென்ட்ரல் லைனை எடுக்க முடியுமா, எடுக்க முடியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். குடல் ஆபரேஷன் ஆனவர் என்பதால் வயிற்றுக்குள் சீழோ கசிவோ இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். உள்ளே மூலம் இருக்கும் வரை மருந்து மட்டும் போதாது. ஆன்டிபயாட்டிக் இன்னும் எதற்காக ஓடுகிறது என்பதும் நியாயமான கேள்விதான்.

கல்ச்சரைத் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்ப எடுப்பார்கள். பூஞ்சை இல்லை என்று வந்த முதல் நாளிலிருந்து 14 நாள் எண்ண வேண்டும், மருந்து ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல. இந்த இடத்தில்தான் அடிக்கடி குழப்பம் வந்து மருந்து சீக்கிரம் நின்றுவிடுகிறது. ரத்தத்திலிருந்து கண்ணின் உட்பகுதிக்குப் போயிருக்கலாம் என்பதால், கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையைக் கண் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர் பார்வை மங்குகிறது என்று தானாகச் சொல்ல மாட்டார். கல்ச்சர் தொடர்ந்து பாசிட்டிவாக வந்தால் இதய வால்வுக்கு எக்கோ எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்தும் காய்ச்சல் திரும்பினாலோ, விடாத முதுகுவலி வந்தாலோ, ‘ஐசியூவில் ரத்தத்தில் கேண்டிடா வந்திருந்தது’ என்பதைப் பார்க்கும் டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். முதுகெலும்பில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் பூஞ்சையின் வகை, எந்த மருந்து, எத்தனை நாள், சென்சிடிவிட்டி என்ன என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.